வண்டலூர் சிங்கங்களுக்குக் கொரோனா எப்படி வந்தது? மனிதரிடமிருந்து விலங்குக்குப் போகும் தொற்று பற்றி

2021 மே மாதக் கடைசியில், சென்னை மருத்துவமனை வாசல்களில் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் காத்து நின்ற நாட்களில், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சில சிங்கங்கள் இரையைச் சரியாகத் தின்னாமல் ஒதுக்கின, இருமவும் செய்தன. 11 சிங்கங்களிடம் எடுத்த மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் 9 சிங்கங்களுக்குக் கொரோனா இருப்பது தெரியவந்தது. ஜூன் 3 அன்று நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் இறந்தது. ஜூன் 16 அன்று 12 வயது ஆண் சிங்கம் ஒன்றும் இறந்தது. 4 மாதிரிகளின் மரபணுவைப் பிரித்துப் படித்தபோது, நான்கிலும் இருந்தது டெல்டா வகை வைரஸ். அப்போது தாம்பரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வீட்டுக்கு வீடு புகுந்துகொண்டிருந்ததும் அதே டெல்டாதான்.

பூங்கா ஏப்ரல் மாதமே பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. சிங்கம் காய்கறிச் சந்தைக்கும் போகாது, ரேஷன் கடை வரிசையிலும் நிற்காது. ஆனால் அதற்கு இறைச்சி கொண்டுவர வேண்டும், கூண்டைக் கழுவ வேண்டும், உடம்பு சரியில்லை என்றால் மருத்துவர் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இந்த வேலைகளை ஊரடங்கு நிறுத்திவிட முடியாது. நோய் எந்த ஒருவரிடமிருந்து வந்தது என்று தேடிப் பழிபோடுவதில் பயனில்லை. அறிகுறியே இல்லாமல் தொற்றைச் சுமந்தவர்கள் அந்த மாதத்தில் நகரம் முழுவதும் இருந்தார்கள். நாம் இங்கே கவனிக்க வேண்டியது நோய் போன திசையை. விலங்கிடமிருந்து மனிதனுக்கு நோய் வரும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம்: வெறிநாய்க் கடி, எலிக் காய்ச்சல், பறவைக் காய்ச்சல் என்று உடனே பட்டியலும் சொல்வோம். அதே பாதையில் எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு என்பது பலருக்கும் புதிய செய்தியாகவே இருக்கிறது.

விலங்கிடமிருந்து மனிதருக்கு வரும் தொற்றை ஆங்கில மருத்துவத்தில் ஜூனோசிஸ் என்பார்கள். மனிதரிடமிருந்து விலங்குக்குப் போவதை ரிவர்ஸ் ஜூனோசிஸ் என்பார்கள். நாம் எதிர்த்திசைத் தொற்று என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால், "எதிர்த்திசை" என்ற சொல்லிலேயே கொஞ்சம் மனிதத் தற்பெருமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்மை நோக்கி வருவது நேர்த்திசை, நம்மிடமிருந்து போவது எதிர்த்திசை என்று கணக்கு வைத்தவர்கள் நாம்தான். கிருமிக்கு அப்படி ஒரு திசை கிடையாது. நுழைய ஓர் உடலும், பெருக ஓர் இடமும், அடுத்த உடலுக்குத் தாவ ஒரு வாய்ப்பும் கிடைத்தால் அதற்குப் போதும்.

எல்லாக் கிருமியும் எல்லா உடலிலும் நுழைந்துவிட முடியாது. உயிரணுவின் மேற்பரப்பில் பலவகைப் புரதங்கள் பூட்டுகளைப் போல அமைந்திருக்கின்றன. வைரஸின் மேல் இருக்கும் புரதம் சாவியைப் போல அவற்றில் ஒன்றில் பொருந்தினால்தான் உள்ளே போக முடியும். கொரோனா வைரஸ் பிடித்துக்கொள்ளும் பூட்டுக்கு ஏசிஇ2 என்று பெயர். இந்தப் புரதம் பாலூட்டிகள் பலவற்றில் இருந்தாலும், அதன் வடிவம் இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும். பூனைக் குடும்பத்தில் அது நம்முடையதை வெகுவாக ஒத்திருக்கிறது; ஆகவே வீட்டுப் பூனை முதல் புலி, சிங்கம் வரை எல்லாவற்றுக்கும் கொரோனா தொற்றக்கூடும். 2020இல் நடந்த ஆய்வகச் சோதனைகளில் பூனைகளுக்கும் ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்குக்கும் தொற்று எளிதாகப் பிடித்தது. நாய்களுக்கு அரைகுறையாகப் பிடித்தது. கோழிக்கும் வாத்துக்கும் பன்றிக்கும் பிடிக்கவே இல்லை. அந்த ஆண்டு கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் நஷ்டப்பட்ட கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இந்தச் செய்தி சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

சாவி பொருந்தினால் மட்டும் போதாது. பூட்டுக்குப் பக்கத்தில் போகவும் வேண்டும். நோய் போகும் வழியை உண்டாக்குவது நெருக்கம்தான். எதிர்த்திசைத் தொற்றின் வரலாற்றைப் புரட்டினால் திரும்பத் திரும்ப ஒரே வகை விலங்குகளே கண்ணில் படுகின்றன: கூண்டில் இருப்பவை, பண்ணையில் இருப்பவை, வீட்டில் மடியில் படுப்பவை, கோயில் வாசலில் கட்டப்பட்டவை, ஆராய்ச்சியாளர்கள் தினமும் பின்தொடரும் காட்டு விலங்குகள். எல்லாமே மனித மூச்சு எட்டும் தூரத்தில் வாழ்பவை.

அந்தத் தூரம் மிகவும் குறைவாக இருப்பது யானைக்கும் பாகனுக்கும் இடையில் என்று நினைக்கிறேன். காலையில் குளிப்பாட்டுவது, கவளம் உருட்டி வாயில் ஊட்டுவது, நகம் பார்ப்பது, நடத்திக் கூட்டிப் போவது என்று ஒரு நாளில் பல மணி நேரம் இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு வாழ்கிறார்கள். முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் மாவுத்தன் எனப்படும் பாகனும், காவடி எனப்படும் அவருடைய உதவியாளரும் ஒரே யானையோடு ஆண்டுக்கணக்கில் இருப்பார்கள். தும்பிக்கை என்பது யானைக்குக் கையாகவும் மூக்காகவும் இருக்கும் உறுப்பு. அது நம் தலையில் வைத்து ஆசீர்வதிக்கும்போது, அதன் மூக்கு நம் முகத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது என்பதை நாம் யோசிப்பதில்லை.

யானைக்கு வரும் காசநோயில் பெரும்பாலும் காணப்படும் கிருமி மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ். மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமி வேறு. இது மனிதனின் காசநோய்க் கிருமி. மனித உடலையே நிரந்தர வீடாகக் கொண்ட இந்தக் கிருமி யானையின் நுரையீரலில் இருக்கிறது என்றால், தொற்றுச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியில் மனிதர் ஒருவர் இருமியிருக்கிறார் என்று பொருள். 1996இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வளர்ப்பு யானைகள் காசநோயால் இறந்த பிறகுதான் இதை உலகம் தீவிரமாகப் பார்க்கத் தொடங்கியது. 2017இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, தென்னிந்தியாவில் 3 காட்டு யானைகளுக்கு இதே மனிதக் கிருமியால் காசநோய் வந்ததைப் பதிவு செய்தது. கட்டிவைத்து வளர்க்கும் யானைக்கு வந்தால் காரணம் சொல்லிவிடலாம். காட்டில் திரியும் யானைக்கு வந்திருப்பது, காடும் ஊரும் எவ்வளவு நெருங்கிவிட்டன என்பதற்கான அளவுகோலாகவே எனக்குப் படுகிறது.

யானையிடம் இந்த நோயைக் கண்டுபிடிப்பதே பெரிய பாடு. மனிதரிடம் "சளியைக் காறித் துப்புங்கள்" என்று டப்பாவை நீட்டலாம். மார்பை எக்ஸ்ரே எடுக்கலாம். நான்கு டன் விலங்கின் மார்பை ஊடுருவிப் படமெடுக்கும் எக்ஸ்ரே எந்திரம் கிடையாது. அதனால் தும்பிக்கையைக் கழுவி மாதிரி எடுப்பார்கள்: சிறிதளவு உப்புநீரைத் தும்பிக்கைத் துளைக்குள் ஊற்றி, தும்பிக்கையை மேலே தூக்கிப் பிடிக்கச் செய்து, பிறகு ஒரு பைக்குள் பலமாக ஊதவைப்பார்கள். இதை வெவ்வேறு மூன்று நாட்களில் செய்ய வேண்டும்; கிருமி ஆய்வகத்தில் வளர்ந்து முடிவு வரப் பல வாரங்கள் ஆகும். நோய் உறுதியானால் மருந்து ஒரு வருடம் வரைகூடக் கொடுக்க வேண்டியிருக்கும். கசப்பைக் கண்டுபிடித்து யானை துப்பிவிடும் என்பதால் சில மருந்துகளை ஆசனவாய் வழியாகச் செலுத்துவதும் உண்டு. யானைக்குச் சிகிச்சை அளிப்பதைவிடப் பாகனுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை செய்து, நோய் இருந்தால் உடனே மருந்து தொடங்குவது எத்தனையோ மடங்கு எளிது. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களிலேயே பெரும்பாலான நோயாளிகள் மற்றவருக்கு நோய் பரப்பும் நிலையிலிருந்து விடுபடுகிறார்கள். வீட்டிலேயே மருந்து கொடுத்துக் காசநோயைக் குணப்படுத்தலாம், அதனால் உடன் வாழும் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1950களின் இறுதியில் உலகுக்கு நிரூபித்துக் காட்டியது நம் சென்னைதான். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் அமைப்பின் தொடக்க கால ஆய்வு அது. யானையும் பாகனின் குடும்பம்தான் என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

மனிதக் குரங்குகளின் கதை இன்னும் சங்கடமானது. சிம்பன்சியும் கொரில்லாவும் உடலமைப்பில் நமக்கு மிக நெருங்கிய சொந்தங்கள் என்பதால், நம் கிருமிகளின் சாவிகள் பலவும் அவற்றின் பூட்டுகளில் பொருந்துகின்றன. 1966இல் தான்சானியாவின் கோம்பே காட்டில், ஜேன் குடால் ஆய்வு செய்துவந்த சிம்பன்சிகள் சிலவற்றுக்குக் கைகால்கள் முடங்கின. பக்கத்து ஊர்களில் அப்போது போலியோ பரவியிருந்தது. சிம்பன்சிகளைத் தாக்கியதும் அதுவாகவே கருதப்பட்டது. குடாலின் குழுவினர் போலியோ சொட்டு மருந்தை வாழைப்பழத்துக்குள் வைத்துச் சிம்பன்சிகளுக்குக் கொடுத்தார்கள். ஐவரி கோஸ்ட் நாட்டில் தாய் (Taï) என்ற பெயருள்ள காட்டில் 1999க்கும் 2006க்கும் இடையே சிம்பன்சிகள் மூச்சுத் திணறலால் கூட்டமாக இறந்தபோது, அவற்றின் உடலில் கிடைத்தவை மனிதக் குழந்தைகளுக்குச் சாதாரணமாகச் சளிக் காய்ச்சல் தரும் இரண்டு வைரஸ்கள். ஆராய்ச்சியாளர்கள் நடமாடும் பகுதியில் வேட்டைக்காரர்கள் வரத் தயங்குவார்கள். அதனால் அங்கே சிம்பன்சிகள் அதிகமாகவே பிழைத்திருந்தன. காப்பாற்றப் போனவர்களே நோயையும் கொண்டுபோனார்கள் என்பதை அந்த ஆய்வுக்குழு மறைக்காமல் எழுதியது. அதன் பிறகு பல ஆய்வு முகாம்களில், வெளியூரிலிருந்து வருபவர்கள் சில நாட்கள் தனித்திருந்த பிறகே காட்டுக்குள் நுழைய வேண்டும், முகக்கவசம் அணிய வேண்டும் என்ற விதிகள் வந்தன. மலைக் கொரில்லாக்களைப் பார்க்கப் போகும் சுற்றுலாப் பயணிகள் 7 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது நெடுங்காலமாக உள்ள விதி. கொரோனா காலத்தில் அது 10 மீட்டரானது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஊர்ப் பக்கத்து மலைக்கோயில்களில், பாதி கடித்த வாழைப்பழத்தையும் வாய்வைத்துக் குடித்த குளிர்பானப் பாட்டிலையும் குரங்குக்கு நீட்டுவதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மனிதருக்கு உதட்டோரத்தில் கொப்புளமாக வந்து ஒரு வாரத்தில் ஆறிப்போகும் ஹெர்பீஸ் வைரஸ், தென்னமெரிக்காவின் மார்மோசெட் என்ற சிறு குரங்குக்குப் போனால் பெரும்பாலும் உயிரையே வாங்கிவிடும். நமக்குச் சில்லறையான நோய் இன்னோர் இனத்துக்கும் சில்லறையாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

விலங்குக்குப் போன நோய் அங்கேயே நின்றுவிட்டால் அது அந்த விலங்கின் துயரம் மட்டுமே. பெரும்பாலும் அப்படித்தான் நின்றுவிடுகிறது. வண்டலூர்ச் சிங்கங்களிடமிருந்து நோய் வேறெங்கும் பரவிவிடவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான விலங்குகளை நெருக்கியடித்து வளர்க்கும் பண்ணைக்குள் ஒரு மனித வைரஸ் நுழைந்தால் கதை மாறும். உடலிலிருந்து உடலுக்குத் தாவத் தாவ வைரஸின் மரபணுவில் எழுத்துப் பிழைகள் சேரும். சில பிழைகள் அந்தப் புதிய உடலுக்கு வைரஸை இன்னும் பொருத்தமாக்கும். அப்படி மாறிய வைரஸ் பண்ணைத் தொழிலாளி வழியாக மனிதரிடமே திரும்பி வரலாம். 2020இல் இது கண்ணெதிரே நடந்தது. மிங்க் என்பது ரோமத் தோலுக்காக வளர்க்கப்படும், நீளமான உடல்கொண்ட ஒரு சிறு விலங்கு. நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் மனிதரிடமிருந்து மிங்க் பண்ணைகளுக்குப் போன கொரோனா, அங்கே உருமாறி மனிதருக்குத் திரும்பியது. அந்த நவம்பரில் டென்மார்க் அரசு நாட்டிலுள்ள எல்லா மிங்க்குகளையும், சுமார் 1.7 கோடி விலங்குகளை, கொல்ல முடிவு செய்தது. அவசரமாகப் புதைத்த உடல்கள் அழுகி, வாயு நிரம்பி, மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே எழுந்த படங்களைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பன்றிகளும் இதே வகைதான். 2009இல் உலகம் முழுவதும் பரவிய காய்ச்சலுக்குப் பன்றிக் காய்ச்சல் என்றே பெயர் வைத்தோம். அந்த வைரஸின் மரபணுக்கள் பன்றி வழியாக வந்தவை என்பது உண்மை. ஆனால் மனிதரிடையே பரவத் தொடங்கிய பிறகு அது பல நாடுகளில் மனிதரிடமிருந்து பன்றிகளுக்கே திரும்பிப் போனது. நார்வேயின் பன்றிகளிடம் அதற்கு முன் இன்ஃபுளுவென்சாவே கிடையாது. 2009 இலையுதிர் காலத்தில் காய்ச்சலோடு வேலைக்கு வந்த மனிதர்கள்தான் அவற்றுக்கு அதைக் கொடுத்தார்கள். பெயர் மட்டும் இன்றுவரை பன்றியின் தலையில். மனிதக் கிருமி காட்டு விலங்கிடம் போய்த் தங்கிவிட்டால் பண்ணையைப் போல ஒரே நாளில் ஒழித்துக்கட்டவும் முடியாது: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2020 ஏப்ரலுக்கும் 2021 ஜனவரிக்கும் இடையே சோதித்த 283 வெண்வால் மான்களில் 94 மான்களுக்குக் கொரோனா இருந்தது.

காற்றில் போகும் கிருமிகளைப் பற்றியே இதுவரை பேசினோம். வயிற்று வழியாகவும் ஒரு பாதை உண்டு. பேசக் கூச்சப்படுவோம் என்பதாலேயே அது அதிகம் தெரிவதில்லை. பன்றி இறைச்சியில் நாடாப்புழுவின் கட்டிகள் இருக்கும், சரியாக வேகவைக்காமல் தின்றால் நமக்குப் புழு வரும் என்று பன்றியைக் குறை சொல்வது வழக்கம். அந்தப் பன்றிக்கு அது எங்கிருந்து வந்தது? முழு வளர்ச்சி பெற்ற அந்தப் புழு மனிதக் குடலில்தான் வாழ்கிறது. முட்டைகள் மனித மலத்தோடு வெளியேறுகின்றன. திறந்தவெளியில் கிடக்கும் அந்த மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் கட்டிகள் உண்டாகின்றன. மாட்டிறைச்சி நாடாப்புழுவுக்கும் ஏறக்குறைய இதே சுழற்சிதான், அங்கே மலம் கலந்த புல். ஒரு கழிப்பறை கட்டினால் பன்றியும் பிழைக்கும்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று இருக்கிறது. தொற்றிக்கொண்டு கொடுப்பது வேறு, தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது வேறு. நாய்க்குட்டிகளை இரத்தப் பேதியாகப் போகவைத்து நான்கைந்து நாட்களில் சாகடிக்கும் பார்வோ வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் அது, நம் செருப்பின் அடியிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு, தெருவில் செத்த குட்டி கிடந்த இடத்திலிருந்து நேராக நம் வீட்டுக் குட்டியின் தட்டு வரை வந்துவிடும். "எங்க குட்டி வாசப்படியே தாண்டினதில்லையே சார், இதுக்கு எப்படி வந்துச்சு?" என்று கால்நடை மருத்துவமனை வாசலில் அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குட்டி தாண்டவில்லை, நாம் தினமும் தாண்டுகிறோம். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, அதை உரிய வயதில் போட்டுவிட்டால் செருப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் பாட்டி. மீனு என்று ஒரு பூனை வளர்க்கிறார். ஒரு மழைக்கால மாலையில் படியேறிக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, "ஏம்ப்பா, எனக்கு ரெண்டு நாளா ஒரே சளி, காய்ச்சல். இது என்னைய விட்டு நகர மாட்டேங்குது. இதுக்கும் ஒட்டிக்குமா?" என்று கேட்டார். "மனுஷங்க நோய் மனுஷங்களுக்குத்தான் பாட்டி" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். அது தவறான பதில் என்று பிறகுதான் தெரிந்தது.

சரியான பதில், எந்தச் சளி என்பதைப் பொறுத்தது. சாதாரண ஜலதோஷம் என்றால் பூனைக்கு ஒட்டாது. இன்ஃபுளுவென்சா என்றால் அபூர்வமாக ஒட்டும்: 2009 நவம்பரில் அயோவாவில் ஒரு 13 வயதுப் பூனைக்கு அந்த ஆண்டின் காய்ச்சல் உறுதியானது, அதற்கு முன்னே வீட்டிலிருந்தவர்கள் படுத்திருந்தார்கள். கொரோனா என்றால் ஒட்ட நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் வீட்டுப் பூனைகள் பெரும்பாலும் லேசான தும்மலோடு தேறிவிடுகின்றன. காய்ச்சல் வந்த நாளில் இன்ன வைரஸ் என்று யாருக்கும் தெரியாது என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே ஏற்பாடுதான்: உடம்பு சரியில்லாத நாட்களில் சோறு வைக்கும் வேலையை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும், ஆள் இல்லையென்றால் முகக்கவசம் போட்டு, கை கழுவிவிட்டு வைக்கலாம், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவதையும், தட்டில் மீந்ததைப் போடுவதையும், கட்டிலில் சேர்த்துப் படுக்கவைப்பதையும் சில நாட்களுக்கு நிறுத்திவைக்கலாம். பூனையின் மேல் சானிடைசரையோ தரை துடைக்கும் கிருமிநாசினியையோ தடவவே கூடாது. தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் விலங்கு அது, மேலே தடவியது வயிற்றுக்குள் போகும். பூனை சோர்ந்துபோய்ச் சாப்பிடாமல் கிடந்தாலோ மூச்சு வாங்கினாலோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து மருத்துவரிடமோ கொண்டுபோகும்போது "வீட்டில் எனக்கும் காய்ச்சல் இருந்தது" என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவர் கேட்காமல் போகக்கூடிய, ஆனால் அவருக்கு மிகவும் பயன்படக்கூடிய தகவல் அது.

மறுநாள் காலை இறங்கிப்போய்ப் பாட்டியிடம் இதைத் திருத்திச் சொன்னேன். "நேத்து அப்படிச் சொன்னே, இன்னிக்கு இப்படிச் சொல்றே" என்றார். ஆனாலும் கொரோனா காலத்தில் தைத்து வைத்திருந்த துணி முகக்கவசத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டார். மாலையில் திரும்பி வந்தபோது பாட்டி திண்ணையில் ஓர் ஓரமாகவும், மீனு அடுத்த ஓரமாகவும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் பேரன் சோற்றுக் கிண்ணத்தோடு நின்றிருந்தான்.